பாம்பின் மேல் நகரும் கறுப்புப் புள்ளிகள்: வளர்ப்புப் பாம்புக்கு 'மைட்' வந்தால் என்ன செய்வது? எதைச் செய்யவே கூடாது?

உங்கள் பால் பைத்தான் இரண்டு நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறதா? வெளியே எடுத்தால் உங்கள் கையில் மிளகுத்தூள் சிந்தியது போல சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் ஒட்டுகின்றனவா? அந்தப் புள்ளிகளில் ஒன்று மெதுவாக நகர்கிறதா?

அப்படியென்றால் அது தூசி இல்லை. மைட் எனப்படும் சிற்றுண்ணி. பாம்பு வளர்க்கும் பலரும் என்றாவது ஒரு நாள் சந்திக்கும் தொல்லை இது.

பதற வேண்டாம். சீக்கிரம் கவனித்தால் இதை முழுசாக ஒழித்துவிடலாம். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மைட்டால் பாம்பு சாக வாரக்கணக்கில் ஆகும். அவசரத்தில் வீட்டில் கிடைக்கும் பூச்சி மருந்தை எடுத்து அடித்தால் ஒரே நாளில்கூடச் செத்துப்போகலாம்.

மைட் என்றால் என்ன?

பாம்புகளைத் தாக்கும் மைட்டின் அறிவியல் பெயர் ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ். எட்டுக் கால்கள் கொண்ட, ரத்தம் குடித்து வாழும் ஒட்டுண்ணி. நாய், மாட்டின் மேல் பார்க்கும் உண்ணிக்குத் தூரத்துச் சொந்தம் என்றாலும் அதைவிட மிகச் சிறியது. வயிறு முட்ட ரத்தம் குடித்த பெண் மைட்கூட ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பசியோடு இருக்கும்போது மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். குடித்த பிறகு கருஞ்சிவப்பு, கிட்டத்தட்டக் கறுப்பு.

இது முக்கியமாகப் பாம்புகளின் ஒட்டுண்ணி. பல்லி இனங்களின் மேலும் ஏறும். செல்லப்பிராணி வணிகத்தோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அறிகுறி பெரும்பாலும் பாம்பின் நடத்தையில்தான் தெரியும். எப்போதும் மறைவிடத்தில் இருக்கும் பாம்பு மணிக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும். தொட்டியின் ஓரத்தில் உடம்பைத் தேய்க்கும். நிம்மதி இல்லாமல் அலையும். சாப்பாட்டைத் தவிர்க்கும். (சட்டை உரிக்கும் முன்பும் சில பாம்புகள் தண்ணீரில் கிடப்பதுண்டு. அதனால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.)

பிறகு உடம்பைப் பாருங்கள். மைட் ஒளிந்துகொள்ளும் இடங்கள் இவை:

• கண்ணைச் சுற்றியுள்ள விளிம்பு
• கீழ்த்தாடையின் நடுவே உள்ள மடிப்பு
• பைத்தான்களின் உதட்டோரம் இருக்கும் வெப்பம் உணரும் குழிகள்
• மலத்துளையைச் சுற்றி
• செதில்களின் இடுக்கு. செதில் லேசாகத் தூக்கியிருந்தால் அடியில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்

செதில்களின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் போல இருந்தால் அதுவும் ஓர் அடையாளம். அது மைட்டின் கழிவு.

சந்தேகம் தீர ஒரு எளிய சோதனை உண்டு. வெள்ளை டிஷ்யூ பேப்பரை லேசாக நனைத்து, கழுத்திலிருந்து வால் வரை பாம்பை அதன் வழியாக நகர விடுங்கள். பேப்பரில் கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தால் ஒன்றை நசுக்கிப் பாருங்கள். சிவப்புக் கறை விழுந்தால் அது ரத்தம் குடிக்கும் மைட்தான்.

தொட்டியில் தேங்காய் நார்த்தூள் போட்டிருந்தால் இன்னொரு குழப்பம் வரும். ஈரமான நார்த்தூளிலும் மரத்தூளிலும் வெளிர் நிறத்தில் சில பூச்சிகள் தாமாகவே உண்டாகும். அவை பூஞ்சையையும் மட்கிய பொருளையும் தின்பவை, பாம்பை ஒன்றும் செய்யாது. ஒரு எளிய கணக்கு: தரையில் மட்டும் வெளிர் நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் பிரச்னை இல்லை. பாம்பின் மேலும் தண்ணீரிலும் கறுப்பாக இருந்தால் பிரச்னை.

எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் புதிதாக வாங்கிய பாம்போடு. சில நேரம் இன்னொருவரிடம் வாங்கிய பழைய தொட்டி, மறைவிடம், மரக்கிளை வழியாக. நண்பர் வீட்டில் பாம்பைக் கையில் எடுத்துவிட்டு, அதே சட்டையோடு வந்து உங்கள் பாம்பைத் தூக்கினாலும் வரலாம்.

மைட் வந்தது என்றால் நீங்கள் சுத்தமில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம் இல்லை. பளிச்சென்று வைத்திருக்கும் தொட்டியிலும் வரும். அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காதீர்கள். சமீபத்தில் உங்கள் பாம்பைத் தொட்ட நண்பர்களிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டில் பாம்போ பல்லியோ இருந்தால் அவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

பத்துப் பன்னிரண்டு மைட்டால் வளர்ந்த பாம்புக்கு உடனே ஆபத்து இல்லை. ஆனால் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போகும்போது ரத்தசோகை வரும். பென்சில் கனத்தில் இருக்கும் குட்டிப் பாம்புக்கு இது உயிர்ப் பிரச்னை.

தோலில் அழற்சி வரும். சட்டை முழுசாக உரியாமல் துண்டு துண்டாக நிற்கும். கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதில் உரியாமல் தங்கிவிடும். கடித்த இடங்கள் வழியாகக் கிருமிகள் நுழையும். ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை ஒரு பாம்பிலிருந்து இன்னொரு பாம்புக்கு மைட் கடத்தும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. போவா, பைத்தான் இனங்களைத் தாக்கும் சில வைரஸ் நோய்களின் பரவலிலும் மைட் மேல் சந்தேகம் உண்டு. ஒன்றுக்கு மேல் பாம்பு வைத்திருப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒழித்த பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

பலரும் தோற்கும் இடம் இதுதான். பாம்பைக் குளிப்பாட்டுகிறார்கள், பத்து நாள் ஒன்றும் தெரியாது, "அப்பாடா, போயிடுச்சு" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். மூன்றாவது வாரம் பார்த்தால் முன்பைவிட அதிகம்.

காரணம், மைட்டின் வாழ்க்கையில் பாதி பாம்பின் மேல் நடப்பதில்லை. அது ஐந்து கட்டங்களாக வளர்கிறது.

1. முட்டை. பெண் மைட் ரத்தம் குடித்ததும் பாம்பை விட்டு இறங்கி, இருட்டான, ஈரமான இடுக்கைத் தேடிப்போய் முட்டையிடும். தொட்டியின் மூலை, சிலிக்கான் ஒட்டிய விளிம்பு, மூடியின் சந்து, மறைவிடத்தின் அடிப்பக்கம் எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். வாழ்நாளில் ஒரு பெண் மைட் 60 முதல் 80 முட்டை வரை இடும்.
2. ஆறு கால் குஞ்சு. ரத்தம் குடிக்காது. ஓரிரு நாளில் அடுத்த கட்டத்துக்குப் போகும்.
3. முதல் இளம்பருவம். இதுதான் பாம்பைத் தேடி ஏறி முதன்முதலாக ரத்தம் குடிக்கும். பாம்பு கிடைக்காவிட்டால் பட்டினியாகவே சில வாரங்கள், ஏறக்குறைய ஒரு மாதம் வரை காத்திருக்கும்.
4. இரண்டாம் இளம்பருவம். ரத்தம் குடிக்காது. ஒரு நாள் அளவில் முடிந்துவிடும்.
5. வளர்ந்த மைட். திரும்பவும் ரத்தம் குடிக்கும், முட்டையிடும். சுமார் 40 நாள் வரை வாழும்.

25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த மைட் ஆக 13 முதல் 19 நாள் போதும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் மழைக்காலத்தில் உங்கள் அறையே அப்படித்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆண் மைட்டோடு இணை சேராத பெண் மைட்டும் முட்டையிடும். அந்த முட்டைகளிலிருந்து ஆண் மைட்கள் வரும். அதாவது ஒரே ஒரு பெண் மைட் மிச்சம் இருந்தாலும் கூட்டம் திரும்ப உருவாகலாம்.

ஆக, பாம்பை மட்டும் கவனித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி தொட்டியில் இருக்கிறது. இரண்டையும் குறைந்தது ஆறு வாரம் விடாமல் பார்க்க வேண்டும்.

சரி, முதல் நாள் என்ன செய்வது?

*பாம்பைத் தனியாக வையுங்கள்.* காற்றோட்டத் துளை உள்ள, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி போதும். அடியில் வெள்ளைப் பேப்பர் அல்லது டிஷ்யூ விரியுங்கள். வெள்ளைப் பின்னணியில் மைட் இருப்பது உடனே தெரியும். ஒளிந்துகொள்ள ஒரு சின்ன அட்டைப் பெட்டி வையுங்கள், தினமும் அதை மாற்றுங்கள்.

*வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற விடுங்கள்.* தொட்டால் சூடு தெரியாத அளவு, 28 முதல் 30 டிகிரி. ஆழம் பாம்பின் உடம்புக் கனத்தைத் தாண்ட வேண்டாம். 20 முதல் 30 நிமிடம் போதும். அந்த நேரம் முழுக்க அங்கேயே இருங்கள். போனில் மீட்டிங் வந்தால் பாம்பை வெளியே எடுத்துவிட்டுப் பேசுங்கள். உடம்பில் இருக்கும் மைட்டில் பல தண்ணீரில் மிதக்கும். மீதி தலையை நோக்கி ஏறும். அவற்றை ஈரப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தெடுங்கள். தலையைத் தண்ணீரில் அமுக்காதீர்கள். கண் மேல் ஒட்டியிருக்கும் செதிலைப் பிய்க்கவே கூடாது.

*தொட்டியைக் காலி செய்யுங்கள்.* நார்த்தூள், மரத்தூள், பேப்பர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி உடனே வீட்டுக்கு வெளியே அனுப்புங்கள். மரக்கிளை, மரப்பட்டை போன்றவற்றில் இடுக்குகளைச் சுத்தம் செய்ய முடியாது. தூக்கிப்போடுவதே நல்லது. தொட்டியையும் கிண்ணங்களையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, 50 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை மூலை முடுக்கெல்லாம் ஊற்றுங்கள். அந்தச் சூட்டை மைட் தாங்காது. கண்ணாடித் தொட்டி என்றால் சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். நன்றாகக் காய்ந்த பிறகே பாம்பு உள்ளே போக வேண்டும்.

*சுற்றுப்புறத்தை மறக்காதீர்கள்.* மைட் தொட்டியை விட்டு வெளியேயும் நடக்கும். அலமாரித் தட்டு, சுவர் ஓரம், ஹீட்டிங் பேடின் அடிப்பக்கம் என வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, அதன் பையை உடனே வெளியே போடுங்கள்.

*மற்ற பாம்புகளையும் பாருங்கள்.* வீட்டில் இன்னொரு பாம்போ பல்லியோ இருந்தால் அதற்கும் மைட் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு சோதியுங்கள். ஆரோக்கியமான பாம்பை முதலில் கவனியுங்கள், மைட் உள்ள பாம்பைக் கடைசியில். பிறகு கையைக் கழுவி, சட்டையை மாற்றுங்கள்.

மருந்து உண்டா?

உண்டு. ஆனால் எது, எவ்வளவு, எத்தனை முறை என்பதை ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பொதுவாகப் பயன்படுவது ஃபிப்ரோனில் ஸ்பிரே. நாய், பூனைக்கு உண்ணி போக அடிப்பது. பாம்புக்கு இதை நேரடியாக அடிப்பதில்லை. துணியில் நனைத்து, கண், வாயைத் தவிர்த்து லேசாகத் துடைப்பார்கள். அதில் உள்ள ஆல்கஹால் ஆவியாகும் வரை காற்றோட்டமான இடத்தில் வைப்பார்கள். குட்டிகளுக்கும் பலவீனமான பாம்புகளுக்கும் இதுவே அதிகமாகிவிடலாம்.

அடுத்தது ஐவர்மெக்டின். இதில்தான் வீட்டு வைத்தியம் மோசமாக முடியும். ஒரு கணக்குப் பாருங்கள். பாம்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். மாடுகளுக்கான ஒரு சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். அப்படியானால் ஒரு கிலோ எடையுள்ள பால் பைத்தானுக்குத் தேவை 0.02 மில்லி. நம் ஊர் 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் ஒரு கோடே 0.025 மில்லி. அதாவது ஒரு கோட்டுக்கும் குறைவு! தசமப் புள்ளி ஒரு இடம் தவறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அதிக அளவு ஐவர்மெக்டின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும்.

வீட்டில் ஆமையும் வளர்க்கிறீர்கள் என்றால் கூடுதல் எச்சரிக்கை: ஐவர்மெக்டின் ஆமைகளுக்கு உயிர்க்கொல்லி. பாம்புக்குக் கொடுத்த மருந்து அதன் பக்கத்திலேயே போகக் கூடாது.

நாய்களுக்கு உண்ணி போகத் தரும் அஃபோக்சோலானர் மாத்திரையைப் பாம்புகளுக்கு வாய்வழி கொடுத்து நல்ல பலன் கிடைத்ததாகவும் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம், நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்யவே செய்யாதீங்க!

• நாய், மாட்டு உண்ணிக்கான மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டுவது. அமிட்ராஸ், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளின் அளவு பாம்புக்காகக் கணக்கிடப்பட்டதல்ல.
• கொசு ஸ்பிரே, கரப்பான் ஸ்பிரே. தொட்டிக்குள் மட்டுமல்ல, அந்த அறையிலேயே வேண்டாம்.
• மண்ணெண்ணெய், ஃபினைல், டெட்டால். தோலையும் நுரையீரலையும் பாதிக்கும்.
• கற்பூரம், அந்துருண்டை. மூடிய பெட்டிக்குள் இவற்றின் ஆவியைப் பாம்பு சுவாசித்துக்கொண்டே இருக்கும்.
• சமையல் எண்ணெய் தடவுவது. உடம்பில் உள்ள சில மைட் மூச்சுத்திணறிச் சாகும், உண்மைதான். ஆனால் தொட்டியில் உள்ள முட்டைக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கில் குப்பை ஒட்டி இன்னொரு தொல்லை வரும்.
• வெயிலில் வைப்பது. "சூட்டுக்கு மைட் செத்துடும்" என்று கண்ணாடித் தொட்டியை மொட்டை மாடியில் வைத்தால் முதலில் சாவது பாம்புதான்.

ஆறு வாரக் கணக்கு

மொபைல் காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள்.

முதல் இரண்டு வாரம்: பேப்பரைத் தினமும் மாற்றுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரில் ஊற விடுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைச் சூடான தண்ணீரில் கழுவுங்கள். மருந்து மருத்துவர் சொன்ன நாளில் மட்டும்.

மூன்று, நான்காம் வாரம்: கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் நிறுத்தாதீர்கள். தப்பித்த முட்டைகளிலிருந்து வந்தவை இந்த நேரத்தில்தான் வளர்ந்து நிற்கும். மருத்துவர் இரண்டாம் தவணை மருந்து சொல்லியிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

ஐந்து, ஆறாம் வாரம்: டிஷ்யூ சோதனையை வாரம் இரண்டு முறை செய்யுங்கள். ஒரே ஒரு மைட் கிடைத்தாலும் கணக்கு முதல் நாளிலிருந்து திரும்பத் தொடங்கும்.

இந்த ஆறு வாரமும் தேவையில்லாமல் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள். நலிந்திருக்கும் பாம்புக்குச் சாப்பாட்டைத் திணிக்கவும் வேண்டாம்.

நம்மைக் கடிக்குமா?

கடிக்கலாம். மனித ரத்தத்தில் அது வாழாது. ஆனால் தொட்டியில் கூட்டம் அதிகமாகும்போது, கையில் அரிப்பும் சிவப்புத் தடிப்பும் வந்ததாக மருத்துவ இதழ்களில் 1970-களிலேயே பதிவாகியிருக்கிறது. பாம்பிடம் மைட் ஒழிந்தால் இதுவும் நின்றுவிடும். தடிப்பு நீடித்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் பாம்பு வளர்ப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சிரங்குக்கோ மூட்டைப்பூச்சிக்கோ மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவீர்கள்.

டாக்டரிடம் போகத் தயக்கமா?

இந்தியாவில் பலர் வீட்டு வைத்தியத்தில் இறங்குவதற்கு உண்மையான காரணம் செலவு மட்டும் இல்லை. "பேப்பர் கேட்டா என்ன பண்றது?" என்ற பயம்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவின் காடுகளில் வாழும் மலைப்பாம்பு, நாகம், சாரை போன்றவற்றை வீட்டில் வளர்ப்பது வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம் 1972-இன்படி குற்றம். இதில் மாற்றமே இல்லை. காயத்தோடோ மைட்டோடோ அப்படி ஒரு பாம்பைக் கண்டால் நீங்கள் சிகிச்சை செய்யாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பால் பைத்தான் ஆப்பிரிக்கப் பாம்பு. சைட்ஸ் எனப்படும் சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, இப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வெளியாகின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. புதிதாக வாங்குபவர்கள் 30 நாளுக்குள் பரிவேஷ் 2.0 தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கை மாறினாலும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

ஆவணம் இருந்தால் தயங்க ஒன்றுமே இல்லை. இல்லையென்றால் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் விசாரித்து ஒழுங்குபடுத்தப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் பாம்பின் சிகிச்சையும் தள்ளிப்போகும்.

எந்த டாக்டர் என்று தெரியவில்லையா? எல்லாக் கிளினிக்கிலும் பாம்பு பார்க்க மாட்டார்கள். முதலில் போனில் கேளுங்கள். சென்னை வேப்பேரி, பெங்களூரு ஹெப்பால், மும்பை பரேல் ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரித்தால் யாரிடம் போகலாம் என்றாவது தெரியும். போகும்போது டிஷ்யூவில் ஒட்டிய மைட்டை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். பாம்பின் எடையையும் அன்றே போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான்.

சமாளிக்க முடியாமல் சிலர் ஏரிக்கரையிலோ காட்டோரத்திலோ பாம்பைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இது கருணை அல்ல. அந்தப் பாம்பு அங்கே பிழைப்பது கடினம். பிழைத்தாலும் அதன் மேல் இருக்கும் மைட் நம் ஊர்ப் பாம்புகளின் மேல் ஏறும். ஆஸ்திரேலியாவில் இதே மைட் காட்டில் வாழும் ஊர்வனவற்றின் மேலும் காணப்பட்டிருக்கிறது.

அடுத்த முறை வராமல் இருக்க

புதிதாக எந்தப் பாம்பு வந்தாலும் வேறு அறையில், வெள்ளைப் பேப்பர் விரித்த பெட்டியில், குறைந்தது இரண்டு மாதம் தனியாக வையுங்கள். அதற்கென்று தனிக் கிண்ணம், தனிக் கொக்கி. வாங்கும் முன்பே தாடையின் அடியையும் கண்ணோரத்தையும் பாருங்கள். விற்பவரின் மற்றப் பாம்புகள் எல்லாம் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தால், எவ்வளவு அழகான பாம்பாக இருந்தாலும் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் பாம்பு இருக்கிறதா? இன்று ராத்திரி ஒரு டிஷ்யூவை நனைத்துச் சோதித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.